இடம் பிடித்த கற்கள்

ஐந்தாவது முறையாக நந்தகோபன் தன் பொருள்களைத் தரையில் வரிசையாக வைத்தார். ஒரு செங்கல், அறுந்த செருப்பு, மூடியில்லாத டப்பா, கிழிந்த பை. நான்கு மணிக்குக் கண்காட்சிக்கு வேன் கிளம்பும். அங்கே இன்னும் ஓர் இடம்தான் மிச்சம். செசிலியா சரி என்றால் அது நந்தகோபனுக்கு.

செசிலியா இடுப்பில் கைவைத்து நின்றார். சிற்பி. நந்தகோபனுக்கு ஆசிரியை, ஆனால் அவரைவிட இரண்டு வயது இளையவர்.

“என்னங்க இது?”

“மண்ணெண்ணெய் வரிசை, மேடம். ரேஷன் கடையில ஆளுக்குப் பதிலா கல்லும் செருப்பும் இடம் பிடிக்குமே.”

“இருபது வருஷமா அதைத்தான் நான் சிற்பமா செஞ்சுட்டிருக்கேன். உங்களுக்கு அது எப்படித் தெரியும்?”

“உங்க வேலையைப் பார்த்துத்தான்.”

“அப்பாடா. நாலு தடவை திருப்பி அனுப்பினதுக்கு இன்னைக்கு ஓர் உண்மை வந்துச்சு.”

செசிலியா செங்கல்லைக் கையில் எடுத்தார்.

“இது எங்க கிடைச்சது?”

“காரைக்குடியில வாங்கினேன். நூறு வருஷத்துச் செங்கல்.”

“அதை மண்ணெண்ணெய் வரிசையில வச்சா, செங்கல்லைத்தான் முதல்ல தூக்கிட்டுப் போவாங்க. செருப்பு?”

“புதுசு. நான்தான் அறுத்தேன்.”

செசிலியா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

நந்தகோபனுக்கும் பொறுமை போய்விட்டது. “நான் என்னதான் செய்யட்டும்? நீங்க பத்து வயசுல அந்த வரிசையில நின்னீங்க. செங்கல் தானா உங்க கைக்கு வருது. உங்களுக்கு வறுமை கிடைச்சது. எனக்குக் கிடைக்கல.”

“தாராளமா எடுத்துக்கங்க. கூடவே எங்க அப்பா இருமலையும் எடுத்துக்கங்க.”

செசிலியா செங்கல்லைப் பழைய இடத்தில் வைத்தார்.

“உங்க வீட்ல என்ன இருந்துச்சு?”

“எல்லாம் இருந்துச்சு. அதானே பிரச்சினை.”

“மண்ணெண்ணெய்?”

“கேஸ் இருந்துச்சு. மண்ணெண்ணெயும் வரும், வெந்நீர் அடுப்புக்கு.”

“யார் வாங்கிட்டு வருவாங்க?”

“அப்பாவோட ஆபீஸ்ல இருந்த பியூன். வேதமாணிக்கம்னு ஒருத்தர்.”

“அவர் எந்தக் கல்லை வைப்பார்?”

“கல்லா? அவர் வரிசையில நிக்கவே மாட்டாரே. அப்பா தன் விசிட்டிங் கார்டுக்குப் பின்னால பச்சை மையில கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அதைக் காட்டினா நேரா முன்னால…”

நிறுத்திக்கொண்டார்.

“எங்க முறை வரும்போது டிரம் காலியா இருக்கும்” என்றார் செசிலியா. குரலில் கோபம் இல்லை, சலிப்புதான்.

பிறகு குனிந்து, இரண்டு கைகளாலும் வரிசை முழுவதையும் ஒரு முழம் பின்னுக்குத் தள்ளினார். செங்கல் தரையைக் கீறிக்கொண்டு போனது. முன்னால் வெறும் தரை கிடந்தது.

“அந்தக் கார்டு இருக்கா?”

“அலமாரியில ஒரு கட்டு இருக்கு. கையெழுத்தோட.”

“ஒண்ணு எடுத்துட்டு வாங்க, இங்க முன்னால வைக்கலாம். வேனை நான் நிறுத்தி வைக்கிறேன்.”

நந்தகோபன் அசையவில்லை.

“மேடம், திறப்பு விழாவுக்கு எங்க அம்மா வராங்க.”

“வரட்டும்.”

“கார்டுல அப்பா பேர் பெருசா இருக்கு. அதை மட்டும் மறைச்சிடலாமா?”

“பேரை மறைச்சிருந்தா அன்னைக்கு எண்ணெய் கொடுத்திருப்பாங்களா?”