நரம்பின் வேகம்

பாதாளச் சாக்கடைக்குள் இறங்கும் ரோபோ ஒன்றைச் சேரலாதன் மூன்று ஆண்டுகளாகச் செய்துகொண்டிருந்தான். இனி ஒரு மனிதர்கூட அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது. அதற்காகத்தான் அந்த ஆராய்ச்சி. அவனுடைய ஆசிரியை தில்லைநாயகி.

சோதனைக்குப் போகும் வழியில் அவன் கேட்டான்.

"மேடம், மனுஷ உடம்பு ஒரு பழைய மாடல் கம்ப்யூட்டர்தானே? விஷவாயு கூடினா மூக்கு மரத்துப்போகுது, வாடையே தெரியாது. என் சென்சார் அப்படி ஏமாறாது. நரம்புல சேதி போற வேகத்தையும் பாருங்க. கம்பியோட ஒப்பிட்டா ஆமை!"

"பார்க்கலாம்" என்றார் அவர்.

ரோபோ இறங்கியது. பாதி ஆழத்தில் எதிலோ சிக்கி நின்றது. சேரலாதன் கையிலிருந்த திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுநாள் நகராட்சியிலிருந்து பார்க்க வருகிறார்கள். ரோபோவை இறக்கிய கம்பியை இழுத்தான், ஆட்டினான். அசையவில்லை.

மூடியைத் திறந்துவிட வந்திருந்த துப்புரவுத் தொழிலாளி மாசிலாமணி சிரித்தார்.

"உங்க பிள்ளை அடம்பிடிக்கிறான் தம்பி. நான் இறங்கித் தூக்கிட்டு வரட்டா?"

சேரலாதன் திரையைப் பார்த்தான். குழியைப் பார்த்தான்.

"ரெண்டே நிமிஷம்ண்ணே. சிக்கலை மட்டும் எடுத்துவிட்டுடுங்க."

மாசிலாமணி சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பில் கயிற்றைச் சுற்றினார். குனிந்து முகர்ந்தார்.

"முதல்ல குப்புனு அடிச்சுது. இப்ப வாடையே இல்லை. நல்லதாப் போச்சு."

ஆசிரியை செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒரு காலை உள்ளே விட்டு இரும்புப் படியில் வைத்தார்.

"மேடம்!"

சேரலாதன் பாய்ந்து அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தான்.

"உள்ளே கேஸ் இருக்கு! சிவப்பு காட்டுது! செத்துப்போயிடுவீங்க!"

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாசிலாமணியின் கை நின்றது.

"எப்போலேருந்து காட்டுது?" என்று கேட்டார் ஆசிரியை.

"ரோபோ உள்ளே சிக்கினதுலேருந்து..."

மாசிலாமணி அவனையே பார்த்தார். "என்கிட்ட சொல்லலையே தம்பி."

ஆசிரியை எழுந்து வந்து சேரலாதனின் கைகளைத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார்.

"நரம்பை ஆமைன்னு சொன்னியே சேரலாதா. நான் காலை வச்சப்போ என்னை இழுக்க உனக்கு ஒரு நொடிகூட ஆகலையே."