வளையத்தில் விழுந்த ஓட்டை

புத்திசாலிகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். மூன்று விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கதை இது. சொல்கிற எனக்கே பாதியில் தலை சுற்றும்.

ஒரு மலைமேல் ரேடியோ தொலைநோக்கி நிலையம். அங்கே ஆய்வு மாணவி ரெஜினா, நெபுலா என்ற ஒளிரும் பெரிய விண்மேகம் ஒன்றைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு வளையமாக நிற்பதைக் கண்டாள். கண்ணுக்குத் தெரியாத வாயு. ரேடியோ அலையில் மட்டும் பிடிபடும். வளையத்தின் கிழக்குப் பக்கம் ஓர் ஓட்டை.

அளக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கருவியின் சொந்த இரைச்சலும் அளவில் கலந்துவிடும். அதனால் ஒன்றுமில்லாத வானத்தில் ஓரிடத்தை அளந்து, அதை மற்ற எல்லா அளவிலிருந்தும் கழிப்பார்கள். புகைப்படத்தில் கன்னங்கரேல் என்று இருந்த கிழக்கு மூலையை ரெஜினா அதற்கு எடுத்துக்கொண்டாள். கழித்த பிறகு, வளையத்தின் நடுவில் வாயுவின் அளவு பூஜ்யத்துக்கும் கீழே போனது. கருவிக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள்.

சரி, வாயு எங்கிருந்து வந்தது? நிலையத்தின் இயக்குநர் கோமதிநாயகம் கேட்டார்.

"நடுவுல இருக்கற நட்சத்திரங்கள்லேர்ந்து வீசற காற்று தள்ளிக்கிட்டு வந்தது சார். கிழக்கே பிச்சுக்கிட்டுப் போயிருக்கு" என்றாள் ரெஜினா.

"இல்ல சார். நட்சத்திர ஒளி பட்டு, பக்கத்து மேகத்தோட மூலக்கூறெல்லாம் அணுவா உடைஞ்சிருக்கு. கிழக்கே மேகமே இல்ல, அதான் ஓட்டை" என்றார் அங்கே விஞ்ஞானியாக இருந்த தாமோதரன்.

அவருடைய சகா சாதிக் இரண்டையும் மறுத்தார். "நட்சத்திரம் பிறந்தப்போ மிஞ்சின வாயு சார் அது. ஆரம்பத்துலயே ஒரு பக்கம் இல்லாம இருந்திருக்கும்."

கோமதிநாயகம் குழம்பிப்போனார். பழுதுபார்க்கத் தொலைநோக்கியை மூடப்போகிறார்கள். அதற்குமுன் ஒரே ஒரு முறை பார்க்கலாம். யார் சொல்வது சரியோ அவருக்கே அந்த வாய்ப்பு. ரெஜினாவின் உதவித்தொகையோ அந்த மாதத்தோடு சரி. வாய்ப்பு கைநழுவினால் பட்டம் இல்லாமல் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

நீங்கள்தான் இயக்குநர். சொல்லுங்கள், ஓட்டைக்கு இந்த மூவரில் யார் சொன்ன காரணம் சரி?

விடை: மூவருமே தப்பு. இல்லாததைவிடக் குறைவாக வாயு எப்படி இருக்கும்? கழித்த இடத்தில் வாயு நிறைய இருந்தால்தான் அப்படி ஆகும். கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்ததை வாயுவும் இல்லாத இடம் என்று நினைத்துவிட்டார்கள். கிழக்கிலிருந்து கிழக்கையே கழித்தால் ஓட்டை விழாமல் என்ன செய்யும்? வளையத்தின் மற்ற பக்கங்களில் வாயு இன்னும் அதிகம், அதனால் கழித்த பிறகும் மிஞ்சியது. இதைக் கண்டுபிடித்தவள் ரெஜினாதான். தன் ஆய்வேடு கவிழும் என்று தெரிந்தும் இயக்குநரிடம் போய்ச் சொன்னாள். அவர் அவளுக்கே வாய்ப்பைக் கொடுத்தார். வாயு இல்லாத வேறு மூலையை அளந்து கழித்துப் பார்த்தாள். வளையம் முழுசாக இருந்தது. வாயு வந்ததற்கு மூவரும் சொன்ன காரணங்கள் மட்டும், எது சரி என்று தெரியாமல், பழையபடி சமமாக நின்றன.

"அப்போ இந்த வாயு எங்கேர்ந்துதான் வந்துச்சு சார்?" என்றாள், அழாத குறையாக.

"தெரியலம்மா. தெரியலன்னே எழுது."

அப்படியே எழுதினாள். பட்டம் கிடைத்தது.