முட்டைக்குள் நடந்த இருபத்தொரு நாள் பஞ்சாயத்து

அந்தக் காலத்தில் கோழி முட்டை மூன்றே நாளில் பொரிந்துவிடும். கோழிக்கும் பொறுமை கிடையாது, முட்டைக்கும் கிடையாது. எல்லா உயிர்களும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலம் அது. முட்டைக்குள்ளேகூடக் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு வேலையாட்கள் குடியிருந்தார்கள். கொஞ்சம் மஞ்சளையும் கொஞ்சம் வெள்ளையையும் வைத்து ஒரு முழுக் குஞ்சைக் கட்டி எழுப்புவது அவர்கள் பொறுப்பு. முதுகெலும்புக்கு ஓர் ஆள், இடுப்புக்கு ஓர் ஆள், காலுக்கு, நகத்துக்கு, இறக்கைக்கு, தூவிக்கு என்று ஆளுக்கொரு வேலை.

அவர்களுக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். முதுகில் தட்டு விழுந்தால் எழுந்து உன் வேலையைச் செய். முடித்ததும் அடுத்த ஆள் முதுகில் தட்டிவிட்டுத் தூங்கு. முன்னவன் என்ன செய்தான், பின்னவள் என்ன செய்யப் போகிறாள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக் குறைவு. அதனால்தான் வேலை அத்தனை வேகமாக நடந்தது.

கோளாறு வேறு இடத்தில் இருந்தது. ஒரு முட்டையின் ஆட்கள் தங்களைப் போலவே பிள்ளைகளைப் பெற்று அடுத்த முட்டைகளுக்கு அனுப்புவார்கள். அப்பனை உரித்து வைத்த மாதிரிதான் வரும். ஆனாலும் பத்துப் பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு பிசகு இருக்கும். அலகைப் பின்னந்தலையில் வைக்கிற பிள்ளை, ஒரு கண்ணோடு வேலை முடிந்தது என்று படுத்துவிடுகிற பிள்ளை. ஒருவன் பிசகினால் போதும், பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பிசகின் மேலேயே அழகாகக் கட்டி முடித்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள்.

செவலைக் கோழி அந்த வருஷம் மூன்று தடவை அடை உட்கார்ந்து எழுந்துவிட்டாள். ஒரு குஞ்சுகூடத் தேறவில்லை. பின்பக்கமாக மட்டுமே நடக்கிற குஞ்சு, கால் முளைக்க வேண்டிய இடத்தில் கொண்டை முளைத்த குஞ்சு என்று வந்தவை எல்லாவற்றையும் பனைமரத்துப் பருந்து சாவகாசமாக இறங்கி வந்து தூக்கிப் போனது. ஓடத் தெரியாத குஞ்சைத் துரத்த வேண்டிய சிரமம்கூட அதற்கு இல்லை. நான்காவது தடவையாகப் பன்னிரண்டு முட்டை இட்டு, சோளத்தட்டைப் படப்புக்கு அடியில் செவலை உட்கார்ந்தாள். இதுவும் போனால் இனி அடையே உட்காருவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

அந்தப் பன்னிரண்டாவது முட்டைக்குள் இருந்தாள் இறக்கைக்காரி பேச்சி. அவளிடமும் பிறவியிலேயே ஒரு பிசகு உண்டு. சும்மா இருக்க மாட்டாள். தட்டு விழும்வரை கண்ணை மூடிக்கொண்டு கிட என்றால் ஒரு கண்ணைத்தான் மூடுவாள்.

மூன்றாம் நாள் காலை அந்தத் திறந்த கண்ணால் அவள் பார்த்தபோது, கால்காரன் சடையன் மும்முரமாக வேலையில் இருந்தான். ஒரு கால் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. படுப்பான் என்று பார்த்தால் மூன்றாவதற்கு எலும்பை எடுக்கிறான்.

"சடையண்ணே, அது என்னது?"

"காலு."

"அதான் ரெண்டு வச்சுட்டீகளே?"

"மொத்தம் நாலு."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? பொறந்ததுலருந்து எனக்குத் தெரியும். ஒனக்குத் தட்டு விழுந்துச்சா? விழலேல்ல? பேசாமப் படு தாயி."

தட்டு விழவில்லைதான். பேச்சி முணுமுணுத்துக்கொண்டே படுத்தாள். அப்போது ஓட்டுக்கு வெளியே சடசடவென்று சத்தம் கேட்டது. பக்கத்து முட்டைகள் பதினொன்றும் உடைந்துகொண்டிருந்தன. பிறகு பெரிய இறக்கை ஒன்று காற்றை அடிக்கிற சத்தம் வந்தது, ஒரு தடவை அல்ல, பதினொரு தடவை. அதன் பிறகு செவலையின் அழுகைதான்.

"எல்லாத்தையும் வாரிட்டுப் போயிட்டானே! ஒண்ணே ஒண்ணு மிச்சம் இருக்கு. இதாவது ஓடுற காலோட வரக் கூடாதா?"

பேச்சி கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தக் குஞ்சு போனால் செவலையின் வம்சம் போயிற்று. முட்டைக்குள் இருக்கிற தாங்களும் போனார்கள். நாலு காலை இடறிக்கொண்டு நிற்கிற குஞ்சு பருந்துக்கு ஒரு வாய்க்குக் காணாது. அவள் எழுந்தாள். நேராகப் போய், வேலையை முடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்த இடுப்புக்காரி மாடத்தியைப் பிடித்து உலுக்கினாள். உலகத்தில் எந்த முட்டையிலும் அதுவரை யாரும் யாரையும் அப்படி எழுப்பியதில்லை.

"மதினி, இடுப்புல காலுக்கு எத்தனை குழி தோண்டுனீக?"

"ரெண்டு. ஏன், எதுவும் தூந்துபோச்சா?"

அடுத்து, இன்னும் தட்டு விழாமல் படுத்திருந்த நகக்காரர் உடையாரிடம் ஓடினாள். "மாமா, எத்தனை நகம் வச்சிருக்கீக?"

"எட்டு. ஒரு காலுக்கு நாலு. ஒண்ணு தொலைஞ்சாலும் நான் பொறுப்பில்ல."

பேச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சடையனைப் பார்த்தாள். "குழி ரெண்டு. நகம் எட்டு. நீங்க மூணாவது காலை எங்கண்ணே நடப்போறீக, குஞ்சோட நெத்தியிலயா?"

அந்தச் சத்தத்தில் தூங்கிக்கிடந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள், முட்டை முழுக்கச் சிரிப்பு. சடையன் எலும்பைக் கீழே போட்டான். ஆனால் தோற்றுப்போன மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "இந்தத் தடவை விட்டுக்கொடுக்கேன். ஆனா நாலுதான் சரி. எம்பிள்ளைகளுக்கும் நாலுன்னுதான் சொல்லி வைப்பேன்."

"தாராளமாச் சொல்லுங்க. செய்யாம இருந்தாச் சரி."

அதோடு விட்டிருந்தால் அன்று மத்தியானமே குஞ்சு வந்திருக்கும். எழுந்தவர்கள் மறுபடி தூங்குவார்களா? அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைப்பதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று அவர்களுக்கு அன்றுதானே தெரிந்தது. ஆளாளுக்கு எல்லாவற்றையும் சரிபார்க்கத் தொடங்கினார்கள். பேச்சிக்குத் தட்டு விழுந்து அவள் இரண்டு இறக்கையையும் கட்டி முடித்தபோது மாடத்தி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"ஏட்டி, ரெண்டும் எடது இறக்கையால்ல இருக்கு!"

பேச்சிக்கு முகம் சுண்டிவிட்டது. ஒன்றைப் பிரித்துத் திருப்பிக் கட்டினாள். சடையன் பக்கத்தில் நின்று விளக்குப் பிடிக்காத குறையாக வேடிக்கை பார்த்தான்.

வெளியே ஏழாம் நாள் ஆயிற்று. பருந்து பனையில் இருந்தபடியே சொன்னது: "அது கூமுட்டை. விட்டுட்டு எந்திரிச்சுப் போ செவலை."

செவலைக்கும் அந்தச் சந்தேகம்தான். முட்டையை அலகால் லேசாகத் தட்டினாள். "உள்ள யாரும் இருக்கீகளா?"

"இருங்கம்மா! பேசிக்கிட்டு இருக்கோம்!" என்று கத்தினாள் பேச்சி.

செவலை நிமிர்ந்து பருந்தைப் பார்த்தாள். "கூமுட்டை எங்கயாவது வாய் பேசுமா? போடா அங்கிட்டு."

ஆனாலும் பசி வந்தது, மழை வந்தது, கால் மரத்துப்போயிற்று. பதினைந்தாம் நாள் அவள் மறுபடி தட்டி, "இன்னும் என்ன பேச்சு?" என்று கேட்டபோது, தூவியின் நிறம் என்று பதில் வந்தது. கறுப்பு என்று நாலு பேர், மஞ்சள் என்று நாலு பேர். அந்தச் சண்டை மட்டும் கடைசிவரை தீரவில்லை. செவலைக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. அப்போதும் எழுந்திருக்க மனம் வரவில்லை. இவ்வளவு பேர் இத்தனை அக்கறையாக அடித்துக்கொள்கிறார்களே, ஏதோ நல்லதுக்குத்தான் இருக்கும் என்று உடம்பைத் தாழ்த்தி இன்னும் கொஞ்சம் சூடு கொடுத்தாள்.

இருபத்தொன்றாம் நாள் ஓடு விரிசல் விட்டது. குஞ்சு வெளியே வந்தது. முதுகில் பாதி கறுப்பு, பாதி மஞ்சள். கால் இரண்டு, விரல் எட்டு, இறக்கை வலது ஒன்று இடது ஒன்று. ஈரம் காய்ந்து அது எழுந்து நிற்கும் நேரத்துக்குப் பருந்து வழக்கம்போல் சாவகாசமாக இறங்கி வந்தது. குஞ்சு திரும்பிப் பார்த்தது, ஓடியது. இரண்டு காலாலும் ஓடிச் செவலையின் இறக்கைக்குள் புகுந்துகொண்டது. பருந்துக்குக் கிடைத்தது வாய் நிறைய மண். செவலை அன்று சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை. முட்டைக்குள்ளிருந்து குஞ்சோடு வந்துவிட்ட பேச்சி, அந்த இறக்கையின் கதகதப்பில், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு கண்ணையும் மூடித் தூங்கினாள்.

அந்த ஒரு குஞ்சிலிருந்து வந்தவைதான் இன்றைக்கு இருக்கிற கோழிகள் அத்தனையும். மூன்று நாள் கோழிகள் எல்லாம் பருந்து வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. பிசகோடு பிறக்கிற ஆட்கள் இன்னமும் பிறக்கிறார்கள். சடையன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போதும் நாலுதான் கணக்கு. சுற்றியிருப்பவர்கள் விடுவதில்லை, அவ்வளவுதான். எப்போதாவது எல்லாரும் ஒரே நேரத்தில் அசந்துபோனால் எந்த ஊரிலாவது நாலு கால் குஞ்சு ஒன்று பிறக்கும். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்.

இருபதாம் நாள் முட்டையைக் காதோரம் வைத்துப் பாருங்கள். கீச்சுக் கீச்சென்று கேட்கும். குஞ்சு கத்துகிறது என்பார்கள், நம்பாதீர்கள். "எண்ணிப் பாத்தியா? இன்னொரு தடவை எண்ணு!" என்று பேச்சியின் பேத்திகள் அதட்டுகிற சத்தம் அது. அன்று முதல்தான் கோழி இருபத்தொரு நாள் அடை காக்கிறது. நடுவில் எழுந்து போகாமல், உள்ளே பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டு இருக்கிறது.