ஒம்பது நாள் மாம்பழ விரதம்

நான் பொய் சொல்ற ஆள் இல்லீங்க. நடந்ததைக் கொஞ்சம் தாராளமாச் சொல்லுவேன், அவ்வளவுதான். முப்பத்தோரு வருசம் சேலத்துல டவுன் பஸ் கண்டக்டரா இருந்தவனுக்குச் சில்லறையிலதான் கஞ்சத்தனம் வரும், பேச்சுல வராது. என் பேரு செங்கோடன். என் வீட்டுக்காரி பாவாயி என்னை வேற பேரு வச்சுக் கூப்பிடுவா, அது இங்க வேண்டாம்.

போன ஆனி மாசக் கடைசியில நடந்தது இது. எனக்குச் சர்க்கரை வந்து ஆறு வருசம் ஆச்சு. டாக்டரம்மா பங்குனியிலயே கறாராச் சொல்லிட்டாங்க. மூணு மாசம் மாம்பழத்தைத் தொடக் கூடாது. ஆனி கடைசியில ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. நல்லா இருந்தா தெனம் ஒரு கீத்து தின்னுக்கலாம். இல்லேன்னா ஊசி, அதோட இனிமே மாம்பழத்தைக் காலண்டர்லதான் பாக்கணும்.

ஒரு கீத்துன்னா சிரிக்காதீங்க. ஆறு வருசமாத் திருட்டுத்தனமாத் தின்னவனுக்கு, பொண்டாட்டி கையால வெட்டித் தட்டுல வச்சு, மின்விசிறிக்குக் கீழ உக்காந்து சட்டப்படி தின்ற ஒரு கீத்து எவ்வளவு பெருசுன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. நெசமாவே வேணும்னு இருந்துச்சு.

அதனால விரதம் இருந்தேன். ஒம்பது நாள். பாகக்கா சாறு, நாவல்கொட்டைப் பொடி, ராகிக் களி. மிச்சம் எம்பத்தி சொச்சம் நாள் என்ன பண்ணேன்னு கேக்கறீங்களா? சித்திரை வெயில் எதுக்கு அடிக்குது? மாம்பழம் பழுக்கத்தான. அது பழுத்த பாவத்துக்கு நான் தின்னேன். மொட்டை மாடியில தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு தின்னுட்டு, கொட்டையைப் பக்கத்துக் காலி மனையில விசிறிடுவேன். அங்க முள்ளுச் செடி, யாரும் போக மாட்டாங்க. தொட்டித் தண்ணியில வாயையும் கையையும் கழுவிட்டு, துணி காஞ்சுதான்னு பாத்த மாதிரி எறங்கி வருவேன். கடைசி ராத்திரி படிச்சே எட்டாவது பாஸ் பண்ணவன் நான். ஒம்பது நாள் தாராளம்னு நெனச்சேன்.

அம்மாபேட்டையில எங்க தெரு முனையில ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலையில வெறும் வயித்துல நானும் பாவாயியும் போனோம். நஸீமான்னு ஒரு பொண்ணு ஊசி போட்டு ரத்தம் எடுத்துட்டு, போய் இட்லி தின்னுட்டு வந்து ரெண்டு மணி நேரம் உக்காருங்கன்னு சொல்லிடுச்சு. உக்காந்தோம். எதுக்க ரெண்டு பேரு. ஒருத்தர் அங்கப்பன், ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. இன்னொண்ணு ஏழு மாசப் புள்ளத்தாச்சிப் பொண்ணு. குளுக்கோஸ் தண்ணியைக் குடிச்சுட்டு மூஞ்சியைச் சுளிச்சுட்டு உக்காந்திருந்துச்சு. மாங்கா தின்னா தேவலைன்னு அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து சொன்னதுதான் தப்பு.

"மாங்காயா? என்கிட்டயா கேட்டே?" அப்படின்னு ஆரம்பிச்சேன். பாவாயி எழுந்து ரெண்டு நாற்காலி தள்ளி உக்காந்துட்டா.

பஸ்ல ஏத்தற கூடையில என்ன பழம்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருக்கேன்னேன். காம்புப் பக்கம் மோந்து பாத்து மல்கோவாவா, இமாம்பசந்தா, நடுசாலையான்னு சொல்றது பெரிய விசயம் இல்ல, மாங்கா மண்டியில எடை போடறவன் கூடச் சொல்லுவான். நான் மரம் கெணத்துக்கு எந்தப் பக்கம் நின்னுதுன்னு சொல்லுவேன். ஏட்டு மீசையைத் தடவிட்டு, மரத்துக்காரனோட கைரேகையும் சொல்லுவியான்னு கேட்டாரு. ரேகை சொல்ல மாட்டேன்ங்க, ஆனா பறிச்சவன் அன்னைக்கு என்ன கொழம்பு தின்னான்னு சொல்லுவேன்னேன்.

"சரி, எப்படித் திம்பீங்க?" அப்படின்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு.

அதுக்குத்தான காத்துட்டு இருந்தேன். கத்தி ஆகாதும்மா. கத்தி வச்சு வெட்டறது ஆஸ்பத்திரி வேலை. பழத்தை உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டிக் கசக்கணும். உள்ள கொழகொழன்னு ஆயிடும். காம்பைக் கிள்ளி மொத ரெண்டு சொட்டுப் பாலைப் பிழிஞ்சு விட்டுடணும், இல்லேன்னா வாய் வெந்துடும். அப்புறம் வாயை வச்சு உறிஞ்சினா தொண்டையில எறங்கறப்ப காதுக்குள்ள ஒரு சத்தம் கேக்கும். அந்தச் சத்தம் கேக்கறப்ப எனக்கு வீட்டு நெனப்பு, வேலை நெனப்பு எதுவும் இருக்காது. இதுல ஒரு சொல்லு பொய் இல்ல. இதோட நிறுத்தியிருக்கணும்.

ஒரு வருசம் மல்கோவா நெறையக் காய்ச்சுது. அறுவது நாள் சோறே திங்கல, மூணு வேளையும் அதான்னேன். வேர்வையில வாசம் வந்துடுச்சு. எறும்பு என் பின்னாலயே வர ஆரம்பிச்சுது. நான் பஸ்ல முன்னால போனா முன்னால வரும், பின்னால போனா பின்னால வரும். ஓமலூர் ரூட்ல எனக்குப் பின்னால ஒரு வரிசை, படியில தொங்கிட்டு ஒரு வரிசை.

"அதுங்களுக்கு டிக்கெட் போட்டியா?" ஏட்டு குறுக்க விழுந்தாரு.

எப்படிங்க போடறது, சின்னப் புள்ளைக்கே பஸ்ல கோடு போட்டிருக்கற ஒசரம் இருந்தாத்தான் டிக்கெட்டு, எறும்பு எதுவும் அந்தக் கோட்டைத் தொடலையேன்னேன். ஆனா அதுங்களால ஒரு நல்லது நடந்துச்சு. ஒரு நாள் ஏற்காட்டு மலையில வழி தவறிட்டேன். பழம் தின்ன மயக்கத்துல படுத்துத் தூங்கிட்டேன். முழிச்சுப் பாத்தா என் வீட்டு வாசல்ல கெடக்கறேன். கொண்டை ஊசி வளைவு ஒண்ணு விடாம எறும்பே சொமந்துட்டு வந்திருக்கு. முதுகுல ஒரு சிராய்ப்பு கெடையாது. அப்ப எனக்கு எடை எம்பத்தாறு கிலோ, அதை நெனச்சாத்தான் பாவமா இருக்கு.

அந்தப் பொண்ணு வயித்தைப் புடிச்சுட்டுச் சிரிச்சுது. ஏட்டு சிரிக்கல. முப்பது வருசம் திருடனைப் பாத்தவரு, எறும்பு எத்தனைன்னு கணக்குக் கேட்டாரு. தூங்கிட்டு இருந்தவன் எப்படி எண்ணுவேன்னு கேட்டேன்.

எனக்குச் சூடு புடிச்சுடுச்சு. இமாம்பசந்துக்கு வந்தேன். அதைத் தின்றப்ப சாறு மணிக்கட்டைத் தாண்டி வரும், முழங்கைக்குப் போறதுக்குள்ள நக்கிடணும், அதுதான் எங்க சட்டம். ஒரு தரம், ஒரே ஒரு தரம், பக்கத்து வீட்டுக்காரன் கூப்பிட்டான்னு திரும்பிட்டேன். முழங்கையில எறங்கின சாறு படியில எறங்குச்சு. தெருவுல ஓடி, சாக்கடையைத் தாண்டி, திருமணிமுத்தாத்துல போய் விழுந்துச்சு. அன்னைக்கு ஆறு பூரா மஞ்சள். கீழ்க்கரையில தண்ணி குடிச்ச எருமையெல்லாம் சாயங்காலம் மாம்பழ மில்க் ஷேக்காக் கறந்துச்சு. டீக்கடைக்காரங்க எல்லாம் சண்டைக்கு வந்துட்டாங்க, இந்தப் பாலுல டீ போட்டா திரிஞ்சு போகுதுன்னு.

"அந்த ஆத்துல எங்கய்யா தண்ணி ஓடுது?" அப்படின்னாரு ஏட்டு.

அதைத்தான்ங்க நானும் சொல்றேன், ஓடினது தண்ணியே இல்லைன்னேன்.

இந்த நேரத்துல நஸீமா என்னைக் கூப்பிட்டு ரெண்டாவது ரத்தம் எடுத்துச்சு. பஞ்சை அமுக்கிப் புடிச்சுட்டே வந்து உக்காந்து விட்ட எடத்துல தொடங்கினேன். பாவாயி பக்கம் ஒரு பார்வை பாத்தேன். அவ சுவத்துல ஒட்டியிருந்த கண்ணு படத்தைப் படிச்சுட்டு இருந்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் பேசறப்ப அவ எதையாவது படிச்சுட்டுத்தான் இருப்பா.

கொட்டையைச் சப்பறதுதான் மாம்பழத்துல மோட்சம்னேன். சதையெல்லாம் அதுக்கு முன்னுரை. ஒரு நாரு கொட்டை கெடைச்சுது எனக்கு. மூணு நாள் சப்பினேன், சாறு நிக்கல. நடுவுல என் தம்பி கல்யாணம் வந்துடுச்சு. துப்ப மனசு இல்ல. வாய்ல வச்சுட்டே மேடையில நின்னேன். போட்டோ எல்லாத்துலயும் எனக்கு ஒரு கன்னம் மட்டும் உப்பி இருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளையோட அண்ணனுக்குப் பல் வலி போலன்னு சூடா உப்புத் தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. சந்தோசமா ஆசீர்வாதம் பண்ண வாயைத் தொறந்தேன் பாருங்க, கொட்டை உள்ள போயிடுச்சு.

"போயி?" அந்தப் பொண்ணு நாற்காலி நுனிக்கு வந்துடுச்சு.

போயி முளைச்சுதும்மா. மார்கழியில நெஞ்சுல ஒரு குறுகுறுப்பு. தையில தும்மினா பூ உதிருது. கொத்துக் கொத்தா மாம்பூ. தேனீ வந்து மூக்குக்கிட்ட நிக்குது. எங்க பக்கம் பூவைப் பாத்துத்தான மரத்தைக் குத்தகை பேசுவாங்க, அந்த வழக்கப்படி ஒரு வியாபாரி நேரா வீட்டுக்கு வந்துட்டான். என்னை ஒரு சுத்து சுத்தி வந்தான். தோளைத் தட்டிப் பாத்தான். பூ நல்லாத்தான் இருக்கு, ஆனா மரம் வயசாளி மரமா இருக்கேன்னு வெலையைக் கொறைச்சான். எனக்கு வந்த கோவத்துக்கு, இந்த மரத்துக்கு ஒரே குத்தகைதான், அதோ அடுப்படியில நிக்குது பாருன்னு பாவாயியைக் காமிச்சு அனுப்பிட்டேன்.

அறையே சிரிச்சுது. ரிப்போர்ட்டு வாங்க வந்தவங்க கூட நின்னுட்டாங்க. எனக்கு அந்த நேரம் இருந்த பெருமையில, சர்க்கரை, ஊசி, ஒரு கீத்து எல்லாமே மறந்து போச்சு. அப்பத்தான் நஸீமா கையில தாளோட வெளிய வந்துச்சு.

வெறும் வயித்துல நூத்தி இருவத்தெட்டுன்னு படிச்சுது. சாப்பிட்ட பின்னால நூத்தி எழுவத்தாறு. நான் எழுந்து நின்னு சட்டையை இழுத்து விட்டுக்கிட்டேன். என் ஒம்பது நாள் விரதம் ஜெயிச்சுடுச்சு. கீத்து வந்து தட்டுல விழற சத்தம் எனக்குக் கேட்டுச்சு.

"மூணாவது பத்து புள்ளி ரெண்டுங்க ஐயா," அப்படின்னுச்சு நஸீமா. "ரொம்ப ஜாஸ்தி. ஏழுக்குப் பக்கத்துல இருக்கணும்."

மூணாவதா? மொதல்ல எடுத்த அதே ரத்தத்துலதான் அதையும் பாத்திருக்காங்க. டாக்டரம்மா சீட்டுல எழுதியிருந்த கடைசி வரி. எனக்கு வெளங்காத எழுத்து, நான் கையெழுத்துன்னு நெனச்சுட்டேன். நஸீமா பொறுமையாச் சொல்லுச்சு. அது இன்னைக்கு நெலவரம் இல்லையாம். கடந்த மூணு மாசமும் ஒடம்புல எவ்வளவு சர்க்கரை இருந்துச்சுன்னு மொத்தமாச் சொல்லிடுமாம். கடைசிப் பத்து நாள் பட்டினி கெடந்தாலும் அதுக்குத் தெரிஞ்சுடுமாம். எட்டாவது பரீட்சையில இப்படி ஒரு கேள்வி வரவே இல்ல.

"மாம்பழம் சாப்பிடறீங்களா ஐயா?"

மொத்த அறையும் என் வாயையே பாத்துச்சு. நான் கொரலைத் தாழ்த்தி, ரொம்பச் சின்னதா, என் ஆயுசுலயே ரொம்பச் சின்னதா ஒண்ணு சொன்னேன்.

"மூணு மாசமா ஒரு கீத்து தொடலைம்மா."

ஏட்டு மெதுவா முன்னால குனிஞ்சாரு.

"யோவ், எறும்பை நம்பினேன். ஆத்தை நம்பினேன். உனக்குப் பூ விட்டதைக் கூட நம்பிட்டேன். இதைத்தான்யா நம்ப முடியல."

சிரிச்ச சிரிப்புல அந்தப் புள்ளத்தாச்சிக்கு அங்கயே பிரசவம் ஆயிடுமோன்னு பயந்துட்டேன். வேற வழியில்லாம பாவாயி பக்கம் திரும்பினேன். நாப்பது வருசத்துல மொதல் தடவையா அவளைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். நீயே சொல்லு, வீட்ல எங்கயாச்சும் ஒரு மாங்கொட்டை பாத்திருக்கியான்னு கேட்டேன்.

அவ கண்ணு படத்தை விட்டுட்டுத் திரும்பினா. கோவமெல்லாம் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

"கொட்டை பாக்கலைங்க," அப்படின்னா. "கன்னுதான் பாத்தேன். பக்கத்துக் காலி மனையில, நம்ம தண்ணித் தொட்டிக்கு நேர் கீழ, நாப்பத்தோரு மாங்கன்னு நிக்குது."

மனசுக்குள்ள அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா வாயி கேக்குதா? கண்டக்டர் வாயி. காக்கா போட்டிருக்கும்னேன். அடுத்த தெருவுல கூட மரம் இருக்குன்னேன். மண்ணு நல்ல மண்ணு, இந்த மண்ணுல போட்டா எதுவும் தன்னால முளைக்கும்னேன்.

"இந்த வெயிலுக்குத் தன்னால எங்கீங்க முளைக்கும்," அப்படின்னா பாவாயி. "சித்திரையில இருந்து தெனம் ரெண்டு கொடம் நான்தான ஊத்தறேன்."