பச்சை மைக் கடிதங்கள்

பொட்டல்மேட்டு வானொலிக் கோபுரத்தைச் சுற்றி ஐந்து சிற்றூர்கள். தினமும் தன் பேச்சைக் கேட்ட பிறகுதான் ஐந்து ஊரும் சோறு தின்கிறது என்று நிலைய அதிகாரி மகுடபதிக்கு நினைப்பு. அங்கே கூட்டிப் பெருக்கும் பேச்சிக்கனி ஒருநாள் வாய் தவறி, "யாரு சார் கேக்கா?" என்றுவிட்டாள்.

"இந்த வாரம் என் பேச்சைக் கேட்காத ஒருத்தனை நாளைக்குக் கூட்டிட்டு வா. இல்லாட்டி வேலைக்கே வராதே!" என்று சீறினார் மகுடபதி.

மறுநாள் மேலிடத்து ஆய்வாளர் வந்திருந்தார். மகுடபதி அவர் முன்னால் கடிதக் கட்டைப் பிரித்தார். "புதன்கிழமை பேச்சுக்கு மட்டும் முப்பது கடிதம் சார். ஊரே கண்கலங்கிச்சாம்." பிறகு பேச்சிக்கனி பக்கம் திரும்பினார். "எங்கே உன் ஆள்?"

பேச்சிக்கனிக்குத் தலை நிமிரவில்லை. "ஒருத்தரு இல்ல சார், அஞ்சு ஊரும் கேக்கல. திங்கக்கிழமை பெருக்கும்போது வாரியல் பட்டு, கோபுரத்துக்குப் பேச்சை அனுப்புற மிஷின் சுவிட்சு அணைஞ்சிட்டு. பயத்துல சொல்லல. இன்னைக்கு வெள்ளி. இதுவரைக்கும் ஏன்னு கேட்டு ஒருத்தரும் வரல."

ஆய்வாளர் கடிதங்களைப் புரட்டினார். முப்பதும் பச்சை மை. மகுடபதி சட்டைப்பையில் இருந்த பச்சைப் பேனாவைக் கையால் மூடினார்.

"இவளை வேலையை விட்டு நிறுத்தணும் சார்" என்று முனகினார்.

"நிறுத்துங்க சார், தப்பு என்னுதுதான். ஆனா காரணத்தையும் எழுதுங்க. நாலு நாளா பேச்சு போகல, யாரும் தேடவும் இல்லன்னு."

பேனா பையை விட்டு வெளியே வரவில்லை.

பேச்சிக்கனிக்கும் ஜெயித்த முகம் இல்லை. தப்பை நாலு நாள் மறைத்தவளுக்கு என்ன பெருமை? கூசிக்கொண்டே போய்ச் சுவிட்சைப் போட்டாள். அன்றைய பேச்சை மகுடபதி இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்.