விளாங்காய் ஆட்டமும் கௌதாரியும்

ஒரு காட்டில், மழை பெய்தால் குளமாகவும் வெயில் அடித்தால் திடலாகவும் மாறிவிடுகிற ஒரு பள்ளம் இருந்தது. கோடைக்காலம் முழுவதும், தினமும் மாலையில் அங்கே விளாங்காய் ஆட்டம் நடக்கும்.

ஆட்டம் இதுதான், குழந்தைகளே. பள்ளத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு கரையான் புற்று. மேற்கு ஓரத்தில் இன்னொரு கரையான் புற்று. நடுவில் நன்றாக முற்றிய ஒரு விளாங்காய். முயல்கள் அதை உருட்டிக்கொண்டு போய் மேற்குப் புற்றில் முட்டவைக்க வேண்டும். கீரிகள் கிழக்குப் புற்றில் முட்டவைக்க வேண்டும். காயைக் கடித்துத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இதைப் பார்க்கக் காடே கூடிவிடும். காட்டுப்பன்றிக்கு முயல்கள் என்றால் உயிர். முள்ளம்பன்றிக்குக் கீரிகள் என்றால் உயிர். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆட்டம் முடிகிற வரைக்கும் ஒன்றையொன்று கேலி செய்துகொண்டே இருக்கும். மரக்கிளையில் ஒரு மைனா உட்கார்ந்து, பின்னால் நிற்பவர்களுக்கும் தெரியும்படி நடப்பதையெல்லாம் உரக்கச் சொல்லும்.

ஆட்டம் பிடிக்காத ஆள் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான். அது கௌதாரி.

பள்ளத்தின் கரையிலேயே ஒரு பாறை. பாறைக்கு அடியில் ஒரு வெடிப்பு. அதுதான் கௌதாரியின் வீடு. அதற்கு ஐந்து குஞ்சுகள். இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள். கௌதாரிக்குப் பொழுது விடிந்தாலும் கவலை, பொழுது சாய்ந்தாலும் கவலை. மேகம் கறுத்தால் பிள்ளைகள் நனைந்துவிடுமே என்று கவலைப்படும். மேகம் கலைந்தால் மண் காய்ந்து புழு கிடைக்காதே என்று கவலைப்படும். இதற்கு நடுவில் மாலையானால் இந்தக் கூச்சல் வேறு.

“ஒரு காய் இந்தப் பக்கம் போனால் என்ன, அந்தப் பக்கம் போனால் என்ன? பார்த்தால் வயிறு நிறையுமா?” என்று அது முணுமுணுக்கும்.

“அம்மா, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோமே” என்று குஞ்சுகள் கெஞ்சும்.

“பார்த்துக் கெட்டவர்கள் போதும். தலையை உள்ளே இழுங்கள்!”

அந்தக் காட்டில் ஒரு நரியும் இருந்தது. கௌதாரிக் குஞ்சுகள் மேல் அதற்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆனால் நரி இரை தேடக் கிளம்புகிற மாலை நேரத்தில்தான் காடே அந்தப் பாறையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். இத்தனை பேர் கண்முன்னால் கிட்டே போக முடியுமா? நரி யோசித்தது. ஒரு நாள் உச்சி வெயிலில் பாறைக்குத் தள்ளி வந்து நின்றது.

“கௌதாரி அக்கா, பயப்படாதீர்கள். இங்கேயே நிற்கிறேன். ஒரு நியாயம் பேச வந்தேன்.”

“உனக்கும் நியாயத்துக்கும் என்னடா சம்பந்தம்?”

“ஊரே இப்படி வேடிக்கை பார்த்துப் பாழாகிறதே அக்கா! எனக்கே மனசு பொறுக்கவில்லை. இந்தக் காட்டில் பொறுப்புள்ள ஆள் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.”

கௌதாரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அது சொன்ன எதற்கும் யாரும் “ஆமாம்” என்று சொன்னதில்லை. இப்போது ஒருவர் சொல்லிவிட்டார். சொன்னது யார் என்று அது யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலையிலேயே கிளம்பிவிட்டது.

முள்ளம்பன்றியிடம் போய், “என்ன அண்ணே, மழைக்காலத்துக்குக் கிழங்கு சேர்த்துவிட்டாயா?” என்று கேட்டது.

“சேர்க்கலாம் அக்கா. இன்றைக்குக் கீரிகள் ஆட்டம் இருக்கிறது.”

“கீரிகள் வந்து உனக்குக் கிழங்கு தோண்டித் தருமா?”

முள்ளம்பன்றியின் முட்கள் படிந்துபோயின.

காட்டுப்பன்றியிடம் போய், மழையில் சரியப்போகிற அதன் குகையைப் பற்றி ஒரு மூச்சுப் பேசியது. பிறகு முயலிடம் போனது.

“நேற்று நீ ஜெயித்தாயாமே, என்ன கிடைத்தது? ஒரு பிடி புல்லாவது கொடுத்தார்களா?”

“புல்லெல்லாம் இல்லை அக்கா. எல்லோரும் ‘அடேயப்பா!’ என்று கத்தினார்கள்.”

“அதை மெல்ல முடியுமா?”

முயல் யோசித்துப் பார்த்தது. மெல்ல முடியாதுதான்.

கவலை ஒட்டுப்புல் மாதிரி. பக்கத்தில் போனவர் மேலெல்லாம் ஒட்டிக்கொள்ளும். நாலே நாளில் பள்ளம் காலியாகிவிட்டது. ஆட்டம் நின்றது. பொழுது சாய்வதற்குள் அவரவர் அவரவர் வீட்டுக்குள் போய் அடைந்துகொண்டார்கள்.

சரி, மிச்சமான நேரத்தில் முள்ளம்பன்றி கூடுதலாகக் கிழங்கு தோண்டியதா? இல்லை. வளைக்குள் படுத்துக்கொண்டு மண்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காட்டுப்பன்றி கேலி செய்ய ஆளில்லாமல் சேற்றோடு சண்டை போட்டது. மைனாவுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் தொண்டை கட்டிக்கொண்டது. கௌதாரி மட்டும் பாறைக்கு மேலே ஏறி நின்று, “அப்பாடா, என்ன அமைதி!” என்றது.

“ஆமாம், நல்ல அமைதி” என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

கௌதாரி திரும்பிப் பார்த்தது. நரி! இந்தத் தடவை அது தள்ளி நிற்கவில்லை.

“ஓடுங்கள்! உள்ளே ஓடுங்கள்!” என்று கௌதாரி அலறியது. குஞ்சுகள் ஐந்தும் வெடிப்புக்குள் புகுந்துகொண்டன. நரியின் தலை அதற்குள் நுழையவில்லை. அதனாலென்ன? முன்னங்கால்களால் மண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. கோடையில் காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

கௌதாரி கீழே குதித்தது. சிறகு ஒடிந்த மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தத்தித் தத்தி நரியின் மூக்குக்கு முன்னால் ஓடியது. எதிரியைத் தன் பின்னால் இழுத்துப் போகக் கௌதாரிகள் செய்கிற தந்திரம் அது.

நரி தலையைக்கூடத் திருப்பவில்லை. “என் பாட்டனே இந்த நாடகத்தைப் பார்த்துச் சலித்துப்போனவர். வேடிக்கை பார்ப்பது வீண் என்று நீதானே சொன்னாய்?”

கௌதாரி பாறை மேல் பறந்து ஏறித் தன் பலம் கொண்ட மட்டும் அபாயக் குரல் கொடுத்தது.

“நரி! நரி! ஐயோ, நரி!”

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, குழந்தைகளே. அபாயக் குரல் கேட்டால் எல்லோரும் ஒளிந்துகொள்ள வேண்டும். பிறந்த அன்றைக்கே தாய் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. கௌதாரியின் குரல் கேட்டதும் முயல் புதருக்குள் இன்னும் பதுங்கியது. முள்ளம்பன்றி வளையின் கடைசிக்கே போய்விட்டது. கீரிகள் மூச்சுவிடவில்லை. காட்டுப்பன்றிகூடக் குகைக்குள் பின்னால் நகர்ந்தது.

நரி சிரித்தது. “கத்து, இன்னும் நன்றாகக் கத்து. நீ கத்தக் கத்த எல்லோரும் உள்ளே போவார்கள். எனக்கு அதுதான் வசதி.”

கௌதாரி வாயை மூடிக்கொண்டது. அது யோசித்தது: ‘கத்தினால் உள்ளே போகிறார்கள். அப்படியானால் எதற்கு வெளியே வருவார்கள்? எதற்கு இத்தனை பேரும் தினமும் விழுந்தடித்துக்கொண்டு இங்கே வந்தார்கள்?’

மறு நொடி அது கழுத்தை நிமிர்த்தியது.

“ஆட்டம்! விளாங்காய் ஆட்டம் ஆரம்பம்!” என்று கூவியது. “அதோ, கீரி காயைத் தட்டுகிறது! முயல் குறுக்கே பாய்கிறது! காய் முயலிடம் போய்விட்டது!”

நரி திகைத்துப்போய்ப் பள்ளத்தைப் பார்த்தது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. “பாவம், புத்தி பேதலித்துவிட்டது” என்று சொல்லிவிட்டு மறுபடியும் பறிக்க ஆரம்பித்தது.

கௌதாரி நிறுத்தவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றாலும் தினமும் காதில் விழுந்ததெல்லாம் இப்போது வாயில் வந்தது. ஆனால் ஒரு நாளாவது ஆட்டத்தைப் பார்த்திருந்தால்தானே சரியாக வரும்?

“முயல் காயைக் கடித்துத் தூக்கிவிட்டது! கிழக்கே ஓடுகிறது! கிழக்குப் புற்றில் முட்டிவிட்டது! அடேயப்பா!”

புதருக்குள் இருந்த முயலின் காதுகள் விறைத்து நின்றன. “நான் கடித்தேனா? நான் இங்கே படுத்திருக்கிறேன், அங்கே கடித்தது எவன்? அதுவும் கீரிகள் முட்டவைக்க வேண்டிய புற்றிலா போய் முட்டினான்?”

“கடித்துத் தூக்கக் கூடாது! கள்ளாட்டம்! கள்ளாட்டம்!” என்று கத்திக்கொண்டு முள்ளம்பன்றி வளையிலிருந்து பாய்ந்தது.

“என் முயல் அப்படிச் செய்யாது!” என்று காட்டுப்பன்றி குகையை விட்டுக் கிளம்பியது.

“யாரது, என் வேலையைப் பிடுங்கிக்கொண்டு தப்புத் தப்பாகச் சொல்வது?” என்று மைனா பறந்து வந்தது.

“எங்களை விட்டுவிட்டா ஆட்டம்?” என்று கீரிகள் ஓடி வந்தன.

காடே மூச்சிரைக்கப் பாறைக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே முயலும் இல்லை, காயும் இல்லை. வெடிப்புக்குள் பாதி உடம்பைத் திணித்துக்கொண்டு மண் பறிக்கிற நரியின் பின்பக்கம்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து “அம்மா! அம்மா!” என்று குஞ்சுகளின் குரல் கேட்டது.

யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

முள்ளம்பன்றி திரும்பி நின்று, முட்களை விரித்து, பின்பக்கமாகவே ஓடிப் போய் ஒரு குத்துக் குத்தியது. “ஊ...!” என்று நரி வெளியே துள்ளி விழுந்தது. விழுந்த இடத்தில் காட்டுப்பன்றி நின்றது. அது மூக்கால் ஒரு நெம்பு நெம்பியதில் நரி பள்ளத்துக்குள் உருண்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? முயல்கள் ஒரு பக்கம் தள்ள, கீரிகள் ஒரு பக்கம் தள்ள, நரி மேற்குப் புற்றில் போய் மொத்தென்று முட்டியது. புற்றுமண்ணும் கரையானும் தலையில் கொட்ட, எழுந்து ஓடியதுதான். அந்தக் காட்டுப் பக்கமே பிறகு தலைவைத்துப் படுக்கவில்லை.

“மேற்குப் புற்றில் முட்டியது! முயல்களுக்கு ஒன்று!” என்று மைனா கூவியது.

“அதெப்படி? முதல் குத்து யாருடையது? கீரிகளுக்குத்தான் சேர வேண்டும்!” என்றது முள்ளம்பன்றி.

“உன் கீரிகள் காயையே உருட்டாது, நரியையா உருட்டப்போகின்றன?” என்றது காட்டுப்பன்றி.

கௌதாரி குஞ்சுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து, தலையைத் தடவி, காலைத் தடவி, ஐந்தும் முழுசாக இருக்கின்றனவா என்று இரண்டு தடவை பார்த்தது. பிறகு தலைகுனிந்து சொன்னது: “நரி பேச்சைக் கேட்டு நான்தான் ஆட்டத்தை நிறுத்தினேன். என்னை மன்னித்துவிடுங்கள்.”

“அதெல்லாம் இருக்கட்டும் அக்கா” என்றது முயல். “நான் காயைக் கடித்தேன் என்று எப்படிச் சொன்னாய்?”

“எனக்கு ஆட்டம் தெரியாதே தம்பி.”

“தெரியாவிட்டால் நாளைக்கு வந்து உட்கார்ந்து பார்!”

மறுநாள் எல்லோரும் காலையிலேயே வேலையை முடித்துவிட்டு மாலையில் பள்ளத்துக்கு வந்துவிட்டார்கள். முன்வரிசையில் கௌதாரி, பக்கத்தில் ஐந்து குஞ்சுகள். ஆட்டம் சூடுபிடித்தது. குஞ்சுகள் கத்திய கத்தலில் மைனாவின் குரலே கேட்கவில்லை. கௌதாரியும் சும்மா இருக்கவில்லை. “பார்த்து ஓடு தம்பி, முள் இருக்கும்! ஐயோ, அந்தக் கீரிக்கு மூச்சு வாங்குகிறதே, கொஞ்சம் உட்காரச் சொல்லுங்களேன்!”

காட்டுப்பன்றி சிரித்தது. “அக்கா, நீ முயல் பக்கமா, கீரி பக்கமா? முதலில் அதைச் சொல்.”

கௌதாரி குஞ்சுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

“தோற்கிறவர்கள் பக்கம்” என்றது. “அவர்களுக்காகக் கவலைப்படவும் ஒருவர் வேண்டாமா?”

நீதி: வேடிக்கை வயிற்றை நிரப்பாது, ஆனால் கூடிச் சிரித்தவர்களே ஆபத்தில் கூடி நிற்பார்கள்.