மூன்றாவது டம்ளர்

"கேட்டுட்டுத்தான் அடிச்சேன் டீச்சர். என் மேல என்ன தப்பு?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே தணிகாசலம் இதைக் கேட்டுவிட்டார்.

ஜெபசீலி டீச்சர் நிமிரவில்லை. மேஜை மேல் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து போட்டு, பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க அண்ணாச்சி."

அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சருக்கு முப்பத்து மூன்று. ஆலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, டீச்சரிடம் ஆறு மாதம் ரிப்பேர் படித்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'புத்துயிர் கம்ப்யூட்டர்ஸ்' என்று பலகை மாட்டியவர் தணிகாசலம். குரு என்று கூப்பிட்டால் டீச்சர் சிரித்துவிடுவார். அதனால் டீச்சர்.

"என்ன அடிச்சீங்க?"

"ஃபார்மட்."

பெயிண்ட் அடிக்கிறோம், மொட்டை அடிக்கிறோம், ஃபார்மட் அடிக்கிறோம். இலக்கணத்தில் இதற்குக் கூட்டுவினை என்று பெயர். மூன்றிலும் நோக்கம் ஒன்றுதான்: பழையது தெரியக் கூடாது.

"யாரோட பெட்டி?"

"உலகநாதன்னு ஒருத்தர். கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். அவரும் அவர் சம்சாரம் செண்பகவல்லியும் ஆட்டோவுல மடியில வச்சுக் கொண்டுவந்தாங்க. ஆன் பண்ணா கறுப்புத் திரை. விண்டோஸ் வரவே இல்ல. புதுசா போட்டாத்தான் சரியாகும்னேன். சரின்னாங்க."

"உள்ளே என்ன இருந்தது?"

தணிகாசலம் மேஜை மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

"அவர் குரல்."

டீச்சரின் பிரஷ் நின்றது.

உலகநாதனுக்குத் தொண்டையில் கேன்சர். குரல்வளையை எடுப்பதற்கு முன்னால் டாக்டர் பதினைந்து நாள் கொடுத்திருந்தார். அந்தப் பதினைந்து நாளும் அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இனிமேல் தேவைப்படும் என்று தோன்றியதை எல்லாம் பேசிப் பதிந்துவைத்தார். ஃபேனைப் போடு. உப்பு கம்மி. யாரு வாசல்ல? இன்னைக்கு வலி இல்ல. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அதில் 'வல்லி' மட்டும் ஆறு. கூப்பிட ஒன்று, கோபத்துக்கு ஒன்று, சும்மா ஒன்று. மற்ற மூன்றும் எதற்கு என்று அந்த அம்மாளுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷமாக அவர் மவுஸை அழுத்துவார், பெட்டி பேசும், அந்த அம்மாள் பதில் சொல்வாள். பெட்டி பழுதான அன்றிலிருந்து அவள் மட்டும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் அந்தம்மா சொல்லித்தான் டீச்சர் தெரியும், அதுவும் அடிச்ச பிறகு. முதல்லயே சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா?"

"மீட்டுப் பார்த்தீங்களா?"

"ஒன்பது நாளா பாக்கேன். வாறதெல்லாம் பாட்டு."

"என்ன பாட்டு?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"காலி டிஸ்க்கைக் கையில கொடுக்கக் கூடாதுன்னு, யார் வந்தாலும் முழுசா பழைய பாட்டுப் போட்டு நிரப்பிக் கொடுப்பேன். இலவசமாத்தான்."

ஒருவர் பேசிவைத்ததன் மேல் இருபது பேர் ஏறி உட்கார்ந்து பாடியிருந்தார்கள்.

"என்கிட்ட கொண்டுவந்தாலும் இனி வராது," என்றார் டீச்சர்.

"தெரியும்."

"அப்போ எதுக்கு வந்தீங்க?"

"அவங்க தினமும் வாறாங்க டீச்சர். பத்து மணிக்கு வந்து ரெண்டு ஸ்டூல்ல உட்காருதாங்க. மத்தியானம் வரைக்கும் இருக்காங்க. திட்டல. அழல. வேலை முடிஞ்சுதான்னுகூட அவர் பார்க்க மாட்டாரு. அந்தம்மா மட்டும் போகும்போது, 'மெதுவாப் பாருங்கய்யா, அவசரம் ஒண்ணும் இல்ல'ங்காங்க. என்னால முடியல. நீங்க ஒரு தடவை வந்து சொல்லுங்க. முறைப்படிதான் செஞ்சிருக்காரு, அவர் மேல தப்பில்லன்னு. நீங்க சொன்னா கேட்டுக்கிட்டுப் போயிருவாங்க."

"முறைப்படி செஞ்சீங்களா?"

"கேட்டேன்லா!"

"என்ன கேட்டீங்க?"

"டி-யில ஏதாவது இருக்கான்னு."

டிஸ்க்கில் இரண்டு அறை. சி-யில் விண்டோஸ் இருக்கும். ஜனங்கள் பத்திரப்படுத்த நினைப்பதை டி-யில் போடுவார்கள். சி-யை மட்டும் அடித்தால் டி பிழைக்கும். டி காலி என்றால் இரண்டையும் சேர்த்து அடித்து ஒரே அறையாக்கிவிடுவது தணிகாசலத்தின் வழக்கம்.

"விண்டோஸ் போடும்போது எவ்வளவு நிரம்பியிருக்குன்னு அதுவே காட்டுமே. பார்த்தீங்களா?"

"கேட்டேனே டீச்சர். கேட்டா, பார்க்கவும் செய்யணுமா?"

டீச்சர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா தெளிவா ஒண்ணுமில்லன்னாங்க. பெட்டியைத் தூசி தட்டுற மாதிரி சாய்ச்சு வச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்லைங்கன்னாங்க. நான் ஒண்ணும் ஈரமில்லாதவன் இல்ல டீச்சர். அவர் பக்கத்துல நின்னுக்கிட்டுத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கழுத்துல துணி கட்டியிருந்தது, பாக்கவே பாவமா இருந்தது. தண்ணி கொடுத்தேன். குடிச்சிட்டு மறுபடி தொட்டார். மறுபடி கொடுத்தேன். மூணாவதும் நீட்டினேன். அதை வாங்காம பெட்டியைத் தட்டினார். சரி, வீட்டுக்குப் போக அவசரம் போலன்னு உடனே அடிச்சு முடிச்சேன். யார் இவ்வளவு பாப்பாங்க?"

கரண்ட் போயிற்று. மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"அந்தக் கேள்வியை மறுபடி கேளுங்க," என்றார் டீச்சர்.

"எதை?"

"அந்தம்மாகிட்ட கேட்டதை."

"டி-யில ஏதாவது இருக்கா?"

"உங்க கடையில கேட்ட மாதிரி. பஸ் ஹாரனுக்கு மேல."

தணிகாசலத்துக்கு எரிச்சல் வந்தது. தொண்டையைத் திறந்து கத்தினார்.

"டி-யில ஏதாவது இருக்கா?"

டீச்சர் எழுந்தார். மேஜை மேலிருந்த பெட்டியை இரண்டு கையாலும் சாய்த்தார். குனிந்து அதன் கீழே பார்த்தார். மெதுவாக நிமிர்த்தி வைத்தார்.

"அடியில ஒண்ணுமில்லைங்க."

தணிகாசலம் வாய்க்குள்ளேயே இரண்டையும் சொல்லிப் பார்த்தார். டி-யில. அடியில. டி-யில. அவருடைய அறுபது கிலோ உடம்பும் ஒரு 'அ'வுக்குள் போய் மாட்டிக்கொண்டது.

ஆனால் மனுஷன் லேசில் மாட்டிக்கொண்டே இருப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது.

"அப்போ அந்தம்மா காதுலதான் கோளாறு. நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்."

"ம்."

"அவங்களுக்குத்தான் சரியா விழல. அவராவது சொல்லியிருக்கலாம்லா?"

டீச்சர் அவரையே பார்த்தார்.

"பேச்சு இல்ல, சரி. கை இருக்குல்லா? பக்கத்துலதானே நின்னார்? எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே நின்னார்? ஒரு ஜாடை? ஒரே ஒரு ஜாடை காட்டியிருந்தா நான் நிறுத்தியிருக்க மாட்டேனா? சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் சொல்லவில்லை.

"நீங்களும் இப்படி இருந்தா எப்படி? நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வந்து உட்காருவாங்க. நான் என்ன சொல்ல?"

டீச்சர் உதட்டை அசைத்தார். சத்தம் வரவில்லை. விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

வெயில் கொளுத்துகிற மத்தியானம். மின்விசிறியும் இல்லை. தூசி வேறு. தணிகாசலம் எழுந்துபோய் மூலையிலிருந்த தண்ணீர் கேனைத் திருகி, எவர்சில்வர் டம்ளரை நிரப்பிக் கொண்டுவந்தார்.

டீச்சர் வாங்கிக் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் தொண்டையைத் தொட்டார்.

"தூசியை மூக்குல துணி கட்டிக்கிட்டுத் தட்டுங்கன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தீங்க," என்று அன்பாகக் கடிந்துகொண்டு, தணிகாசலம் இரண்டாவது டம்ளர் கொண்டுவந்தார்.

அதையும் குடித்தார். மறுபடியும் தொட்டார்.

மூன்றாவதை நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கவில்லை. கையை எடுத்து, மேஜை மேலிருந்த பெட்டியை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்டினார்.

டம்ளர் நீட்டியபடியே நின்றது.

தணிகாசலம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூடினார். மறுபடியும் திறந்தார். இன்னொரு கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று.

டீச்சர் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அவரிடமே நீட்டினார்.